ஃபேடிங் சேனலில் டைவர்சிட்டி ரிசீவர் எவ்வளவு பயன் தரும்? கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஒரு சிறிய ரேடியோ ரிசீவரை மேசைமேல் வைத்து அதன் சிக்னல் அளவைப் பாருங்கள். பிறகு அதை மூன்று நான்கு சென்டிமீட்டர் மெல்ல நகர்த்துங்கள். நன்றாக இருந்த சிக்னல் திடீரென்று 10 அல்லது 20 டெசிபல் இறங்கும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் பழையபடி ஏறிவிடும். அனுப்பும் பக்கத்தில் எதுவுமே மாறவில்லை. சுவரிலும் தரையிலும் ஆட்கள்மேலும் பட்டுத் திரும்பிவரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து வலுக்கின்றன, கொஞ்சம் தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்த அலைவரிசையில் அலைநீளமே 12.5 செ.மீ.தான், அதனால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே விரற்கடை தூரம்தான் இருக்கிறது. இதைத்தான் ஃபேடிங் என்கிறோம்.

அந்தப் பள்ளத்தில் ஓர் ஆன்டெனா விழுந்திருக்கும்போது, சற்றுத் தள்ளி இன்னோர் ஆன்டெனா இருந்தால் அது பெரும்பாலும் பள்ளத்தில் இருக்காது. இரண்டையும் சேர்த்துக் கேட்பதுதான் டைவர்சிட்டி. யோசனை பழையது. சிற்றலைத் தந்தித் தொடர்புக்காகத் தள்ளித் தள்ளி நிறுத்திய ஆன்டெனாக்களின் வெளியீட்டைச் சேர்க்கும் ஏற்பாட்டை பெவரேஜும் பீட்டர்சனும் 1931-இலேயே விவரித்திருக்கிறார்கள். கிளைகளை, அதாவது ஒவ்வோர் ஆன்டெனா வழியாகவும் வரும் சிக்னலை, எந்த விகிதத்தில் சேர்த்தால் உச்சப் பலன் என்பதை 1954-இல் கான் காட்டினார். இணைக்கும் முறைகளை எல்லாம் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட்டது 1959-இல் பிரென்னன் செய்த வேலை. இன்றைக்கும் நாம் போடும் கணக்கின் எலும்புக்கூடு அதுதான்.

நிகழ்தகவும் கலப்பெண்களும் ஓரளவு பழக்கமானவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும், எல்லா எண்களையும் நீங்களே சரிபார்க்கலாம். சரிபார்க்கவும் வேண்டும். இந்தத் துறையில் சமன்பாட்டைப் படித்துவிட்டு எண்ணைப் போட்டுப் பார்க்காமல் விடுபவர்கள்தான் 3 டெசிபல் தவறோடு அறிக்கை எழுதுகிறார்கள்.

கணக்கைத் தொடங்கும் முன்

நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சேனல், அதாவது அலை கடந்துவரும் வழி, எந்தப் பரவலைப் பின்பற்றுகிறது, எத்தனை கிளைகள், அவற்றை எப்படி இணைக்கிறோம், எதை அளக்கிறோம். இதில் ஒன்று மாறினாலும் விடை மாறும். ஒருவருடைய வரைபடத்தை இன்னொருவருடையதோடு ஒப்பிடும்போது வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த நான்கில் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டதால் வருவது.

குறியீடுகளைச் சுருக்கமாக வைத்துக்கொள்வோம். ஒரு கிளையின் சராசரி எஸ்என்ஆர், அதாவது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள ஆற்றல் விகிதம், ச. கிளைகளின் எண்ணிக்கை கி. ரிசீவர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டிய குறைந்தபட்ச எஸ்என்ஆரை வரம்பு என்போம். வரம்பைச் ச-ஆல் வகுத்தால் வருவது வி. எக்ஸ்ப் என்பது வழக்கமான அடுக்குக்குறிச் சார்பு. எஸ்என்ஆர் எல்லாம் சமன்பாட்டுக்குள் சாதாரண விகிதமாகத்தான் போக வேண்டும், டெசிபலாகப் போகக்கூடாது. 20 டெசிபல் என்றால் 100.

ச என்பது ஒரு கிளைக்கானது என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள். எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்த மொத்தம் அல்ல. பின்னால் இது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

படி 1: ஒற்றை ஆன்டெனா எவ்வளவு மோசம்

நேர்ப்பாதை இல்லாமல் பல திசைகளிலிருந்தும் சிதறி வரும் அலைகள் மட்டும் இருந்தால் அது ரேலீ ஃபேடிங். சேனல் கெழு ஒரு கலப்பெண், அதன் மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் தனித்தனி இயல்நிலைப் பரவல்கள். அதன் வீச்சின் வர்க்கம் அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றும். எனவே கணநேர எஸ்என்ஆரும் ச-வைச் சராசரியாகக் கொண்ட அடுக்குக்குறிப் பரவல்தான். வரம்புக்குக் கீழே விழும் நிகழ்தகவு, அதாவது அவுட்டேஜ்:

ஒற்றைக் கிளை அவுட்டேஜ் = 1 − எக்ஸ்ப்(−வி)

சராசரி 20 டெசிபல், வரம்பு 10 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். வி = 0.1. விடை 0.095. சராசரியில் 10 டெசிபல் கூடுதலாக வைத்திருந்தும் நூறில் ஒன்பதரை தடவை தொடர்பு அறுகிறது. இதுதான் ரேலீயின் குணம். வி சிறியதாக இருக்கும்போது அவுட்டேஜ் கிட்டத்தட்ட வி-க்குச் சமம். ஆற்றலைப் பத்து மடங்காக்கினால் அவுட்டேஜ் பத்தில் ஒரு பங்காகும், அவ்வளவுதான்.

பிட் பிழை வீதத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 0, 1 இரண்டையும் ஒன்றுக்கொன்று நேரெதிரான கட்டம் (ஃபேஸ்) உள்ள அலைகளாக அனுப்பும் பிபிஎஸ்கே பண்பேற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஃபேடிங் இல்லாமல் வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும் சேனலில் லட்சத்தில் ஒரு பிட் பிழைக்கு 9.6 டெசிபல் போதும். ரேலீயில்:

பிழை வீதம் = ½ × (1 − √(ச ÷ (1 + ச)))

ச பெரிதானால் இது 1 ÷ (4ச) ஆகச் சுருங்கும். அதே லட்சத்தில் ஒன்றுக்கு ச = 25000 வேண்டும், அதாவது 44 டெசிபல். 9.6 எங்கே, 44 எங்கே! இந்த 34 டெசிபல் பள்ளத்தை ஆற்றலைக் கூட்டி நிரப்ப யாராலும் முடியாது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிழைகள் எப்போது வருகின்றன? சிக்னல் சராசரி அளவில் இருக்கும்போது கிட்டத்தட்ட வருவதே இல்லை. சிக்னல் பள்ளத்தில் கிடக்கும் அந்தச் சில கணங்களில்தான் ஏறக்குறைய மொத்தமும் வருகிறது. ஆகவே ரிசீவரின் தரத்தைத் தீர்மானிப்பது எஸ்என்ஆர் சராசரி அல்ல, எஸ்என்ஆர் பூஜ்ஜியத்துக்கு அருகே நிகழ்தகவு எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதுதான். 2003-இல் வாங், ஜியன்னாகிஸ் இருவரும் இதை மிகப் பொதுவான வடிவில் நிறுவினார்கள்: அடர்த்திச் சார்பு பூஜ்ஜியத்துக்கு அருகே எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால், உயர் எஸ்என்ஆரில் பிழை வீதத்தின் சாய்வும் தெரியும், அந்தக் கோடு எங்கே விழும் என்பதும் தெரியும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது.

படி 2: எப்படி இணைப்பது

மூன்று வழிகள் முக்கியமானவை. தேர்வு முறையில் எந்தக் கிளை வலுவாக இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். சம எடை முறையில் எல்லாக் கிளைகளின் கட்டத்தையும் நேர்ப்படுத்திச் சம அளவில் கூட்டுகிறோம். உச்ச விகித முறையில் கட்டத்தை நேர்ப்படுத்துவதோடு ஒவ்வொரு கிளையையும் அதன் வீச்சுக்கு ஏற்ற எடையால் பெருக்கிக் கூட்டுகிறோம். கிளைகளின் இரைச்சல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சம அளவில் இருந்தால், உச்ச விகித முறையில் வெளியீட்டு எஸ்என்ஆர் என்பது கிளை எஸ்என்ஆர்களின் கூட்டுத்தொகை. வேறு எந்த நேரியல் இணைப்பும் இதைத் தாண்டாது.

தேர்வு முறைக்கான அவுட்டேஜை மனதிலேயே போடலாம். எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் விழுந்தால்தான் தொடர்பு அறும். எனவே ஒற்றைக் கிளை விடையைக் கி தடவை பெருக்க வேண்டியதுதான்:

தேர்வு முறை அவுட்டேஜ் = (1 − எக்ஸ்ப்(−வி)) அடுக்கு கி

உச்ச விகித முறையில் கி அடுக்குக்குறி மாறிகளின் கூட்டுத்தொகை வருகிறது. அது காமா பரவல். இரண்டு கிளைக்கு:

உச்ச விகித அவுட்டேஜ் = 1 − எக்ஸ்ப்(−வி) × (1 + வி)

மூன்று கிளை என்றால் அடைப்புக்குள் வி²/2 சேரும், நான்கு என்றால் வி³/6-உம் சேரும். சம எடை முறைக்கு இரண்டு கிளைக்குமேல் போனால் இப்படி எளிய வடிவம் கிடைப்பதில்லை. எண்முறைத் தொகையீடு செய்ய வேண்டியதுதான்.

வி = 0.1 என்றே வைத்து எண்களைப் போடுவோம்.

| கிளைகள் | தேர்வு முறை | உச்ச விகித முறை |
|---|---|---|
| 1 | 0.0952 | 0.0952 |
| 2 | 0.00906 | 0.00468 |
| 3 | 0.000862 | 0.000155 |
| 4 | 0.0000820 | 0.00000385 |

இரண்டு கிளைச் சம எடை முறைக்கு இதே இடத்தில் 0.0062 வரும், இரண்டுக்கும் நடுவில். உயர் எஸ்என்ஆரில் தேர்வு முறைக்கும் உச்ச விகித முறைக்கும் உள்ள விகிதம் கி-யின் காரணீயப் பெருக்கம்: இரண்டு கிளைக்கு 2, நான்கு கிளைக்கு 24. பயமுறுத்தும் எண்ணாகத் தெரியும். ஆனால் டெசிபலில் பார்த்தால் இரண்டு கிளைக்கு 1.5, நான்கு கிளைக்கு சுமார் 3.5 மட்டுமே. இரண்டு கிளைதான் வைக்கப்போகிறோம், செலவைக் குறைக்க வேண்டும் என்றால் தேர்வு முறையே நியாயமான முடிவு என்பது என் கருத்து.

இப்போது சராசரியின் ஏமாற்றைப் பாருங்கள். இரண்டு கிளைத் தேர்வு முறையில் சராசரி எஸ்என்ஆர் 1.5 மடங்குதான் கூடுகிறது, அதாவது 1.76 டெசிபல். அதை மட்டும் பார்ப்பவர், இதற்காகவா இன்னோர் ஆன்டெனா என்று கேட்பார். அவுட்டேஜோ பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மேடுகள் பெரிதாக உயரவில்லை, பள்ளங்கள் தூர்ந்துவிட்டன.

படி 3: பிழை வீதத்தை எம்ஜிஎஃப் வழியில் கணக்கிடுவது

அவுட்டேஜ் எளிது. பிழை வீதத்துக்கு, ஒவ்வொரு கணநேர எஸ்என்ஆரிலும் வரும் பிழையை அதன் அடர்த்திச் சார்போடு பெருக்கித் தொகையிட வேண்டும். நேராகச் செய்தால் பரவலுக்கு ஒரு கணக்கு, இணைப்பு முறைக்கு ஒரு கணக்கு என்று பக்கங்கள் நீளும். உச்ச விகித முறைக்கு ஓர் அழகான குறுக்குவழி இருக்கிறது.

1991-இல் கிரெய்க், இயல்நிலைப் பரவலின் வால்பகுதியை ஒரு கோணத்தின்மீது, 0 முதல் 90 பாகை வரை, எக்ஸ்ப் சார்பின் தொகையீடாக எழுதிக் காட்டினார். எக்ஸ்ப் உள்ளே வந்துவிட்டால் கூட்டுத்தொகை பெருக்கலாக மாறிவிடும். உச்ச விகித முறையில் எஸ்என்ஆர்கள் கூடுகின்றன. ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் தனியாக மொமென்ட் ஜெனரேட்டிங் சார்பை (எக்ஸ்ப்புக்குள் எஸ்என்ஆரை வைத்து எடுத்த சராசரி), சுருக்கமாக எம்ஜிஎஃப், எழுதி எல்லாவற்றையும் பெருக்கினால் போதும். இந்த வழியைப் பல பண்பேற்றங்களுக்கும் பரவல்களுக்கும் விரித்து ஒழுங்குபடுத்தியவர்கள் சைமனும் அலூயினியும்.

பிபிஎஸ்கே-க்கு, ரேலீ கிளை ஒன்றின் பங்கு இது. கோணத்தின் சைனை வர்க்கப்படுத்தினால் வருவதை சை என்போம்:

ஒரு கிளையின் காரணி = சை ÷ (சை + ச)

கிளைகளின் காரணிகளைப் பெருக்குங்கள். 0 முதல் 90 பாகை வரை சராசரி எடுங்கள். அதில் பாதிதான் பிழை வீதம். அவ்வளவே.

கையால் போட்டுப் பார்ப்போம். இரண்டு கிளை, ஒவ்வொன்றும் 20 டெசிபல், ச = 100. 0–90 பாகையை நான்கு சமபாகமாகப் பிரித்து ஒவ்வொன்றின் நடுப்புள்ளியை எடுக்கிறோம்: 11.25, 33.75, 56.25, 78.75 பாகை. சை மதிப்புகள் முறையே 0.03806, 0.30866, 0.69134, 0.96194. காரணியைக் கண்டு வர்க்கப்படுத்தினால், பத்து லட்சத்தில் 0.145, 9.468, 47.14, 90.78 என்று வரும். கூட்டினால் 147.53. நான்கால் வகுத்து, பாதியாக்கினால் பத்து லட்சத்தில் 18.44.

துல்லியமான மூடிய வடிவச் சமன்பாடு என்ன சொல்கிறது? ஒற்றைக் கிளைப் பிழையைப் பி என்றால் இரண்டு கிளைக்குப் பி² × (3 − 2பி). 20 டெசிபலில் பி = 0.0024814. விடை பத்து லட்சத்தில் 18.44. நான்கே புள்ளிகளில் நான்கு இலக்கமும் பொருந்திவிட்டது! முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. காரணமும் இருக்கிறது: தொகையிடப்படும் சார்பு வழுவழுப்பானது, கோணத்தில் சீராகத் திரும்பத் திரும்ப வருவது. அப்படிப்பட்ட சார்புக்கு நடுப்புள்ளி முறை மிக வேகமாகத் துல்லியமாகும். நடைமுறையில் 20 புள்ளி வைத்துக்கொண்டால் கவலையே இல்லை.

இதன் பெரிய வசதி, பரவலை மாற்றினால் காரணியை மட்டும் மாற்றினால் போதும் என்பது. ரேலீயைப் பொதுமைப்படுத்திய நாகாகாமி பரவலுக்கு அதன் வடிவ எண் ந என்றால், காரணி 1 ÷ (1 + ச ÷ (ந × சை)) என்பதன் ந-ஆம் அடுக்கு. நேர்ப்பாதை இருக்கும் ரைசியன் சேனலுக்கும் இதே போல் ஒன்று உண்டு. ஒரு கிளை ரேலீ, இன்னொன்று நாகாகாமி என்றாலும் பெருக்கிவிட்டுப் போகலாம்.

தேர்வு முறைக்கு இந்தப் பெருக்கல் வழி நேராகப் பொருந்தாது. இரண்டு கிளைக்கு மூடிய வடிவம் இருக்கிறது: ½ × (1 − 2√(ச ÷ (1 + ச)) + √(ச ÷ (2 + ச))). 20 டெசிபலில் பத்து லட்சத்துக்கு 36.6 வரும். இதைக் கணினியில் போடும்போது ஓர் எச்சரிக்கை. கிட்டத்தட்டச் சமமான எண்களைக் கழிக்கிறோம். எஸ்என்ஆர் கூடக் கூட, கிளை கூடக் கூட, இலக்கங்கள் உதிர்ந்து விடை குப்பையாகிவிடும். எதிர்மறைப் பிழை வீதம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த இடத்தில் எண்முறைத் தொகையீட்டுக்கு மாறிவிடுங்கள்.

படி 4: சாய்வையும் தள்ளலையும் பிரித்துப் பார்ப்பது

வரைபடம் போடும்போது கிடைமட்டத்தில் டெசிபல், செங்குத்தில் மடக்கை அளவில் பிழை வீதம். உயர் எஸ்என்ஆரில் கோடு நேராகும். 10 டெசிபலுக்குப் பிழை எத்தனை பத்துமடங்கு இறங்குகிறதோ அதுதான் டைவர்சிட்டி ஒழுங்கு. தனித்தனி ரேலீ கிளைகள் கி இருந்தால் ஒழுங்கும் கி. தேர்வு முறை, சம எடை, உச்ச விகிதம், மூன்றுக்கும் இதே சாய்வுதான். வேறுபாடு கோடு இடப்பக்கம் எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதில் மட்டுமே.

நாகாகாமியில் ஒழுங்கு ந × கி. ரைசியனில் சாய்வு மாறுவதில்லை, கோடு மட்டும் தள்ளி விழும். நேர்ப்பாதை ஆற்றல் சிதறிய ஆற்றலைப்போல 4 மடங்கு, அதாவது சுமார் 6 டெசிபல் என்றால், பூஜ்ஜியத்துக்கு அருகே அடர்த்தி ரேலீயில் இருந்ததில் 0.092 பங்காகிறது. அதாவது கோடு 10 டெசிபலுக்குச் சற்றுக் கூடுதலாக இடப்பக்கம் நகர்கிறது. ஓர் ஆன்டெனாவை நேர்ப்பாதை தெரியும் இடத்தில் மாட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த ஓர் எண்ணிலேயே தெரிகிறது.

லட்சத்தில் ஒரு பிழைக்கு உச்ச விகித முறையில் ஒவ்வொரு கிளைக்கும் எவ்வளவு வேண்டும்? ஒரு கிளைக்கு 44 டெசிபல். இரண்டுக்கு 21.3. மூன்றுக்கு 13.8. நான்குக்கு 10.0. முதல் கூடுதல் ஆன்டெனா 22.7 டெசிபலை மிச்சப்படுத்துகிறது, அடுத்தது 7.5, அதற்கடுத்தது 3.8. இரண்டாவது ஆன்டெனாவைப்போல் லாபகரமான ஒன்றை ரேடியோ வடிவமைப்பில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் இந்த எண்களில் ஒரு கலப்படம் உண்டு. நான்கு ஆன்டெனா வைத்தால் நான்கு மடங்கு ஆற்றலைப் பிடிக்கிறோம், அதுவே 6 டெசிபல். ஃபேடிங்கே இல்லாவிட்டாலும் அது கிடைத்திருக்கும். அதை அணிவரிசை ஆதாயம் என்பார்கள். டைவர்சிட்டி தந்தது எது என்று தனியாகத் தெரிய வேண்டுமானால் மொத்த எஸ்என்ஆரில் பார்க்க வேண்டும். நான்கு கிளைக்கு 10 + 6 = 16 டெசிபல். ஃபேடிங் இல்லாத சேனலின் 9.6-க்கு இன்னும் 6.4 மீதி இருக்கிறது. வரைபடத்தின் அடியில் "கிளைக்கான எஸ்என்ஆர்" என்றோ "மொத்த எஸ்என்ஆர்" என்றோ எழுதாமல் விட்டால் படிப்பவருக்கு இந்த 6 டெசிபல் எங்கே போனதென்றே தெரியாது.

படி 5: நிஜத்தில் எது கெடுக்கும்

இதுவரை கிளைகள் தனித்தனி, சமமானவை, சேனல் நமக்குத் துல்லியமாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டோம். மூன்றும் நிஜத்தில் ஓரளவுதான் உண்மை.

முதலில் ஒட்டுறவு. எல்லாத் திசையிலிருந்தும் சமமாக அலைகள் வந்தால், இரண்டு ஆன்டெனாக்களின் ஒட்டுறவு இடைவெளியைப் பொறுத்துப் பூஜ்ஜிய வரிசை பெசல் சார்பாக மாறும். அது முதன்முதலில் பூஜ்ஜியமாவது 0.38 அலைநீளத்தில். 2.4 கிகாஹெர்ட்ஸில் 4.8 செ.மீ., 900 மெகாஹெர்ட்ஸில் 12.7 செ.மீ. கையில் பிடிக்கும் கருவிக்கு அரை அலைநீளம் என்ற நடைமுறை விதி இங்கிருந்துதான் வருகிறது. உயரமான கோபுரத்து ஆன்டெனாவுக்கு இது பொருந்தாது. அங்கே அலைகள் ஒரு குறுகிய கோணத்திலிருந்து மட்டும் வருவதால் பல அலைநீள இடைவெளி தேவைப்படும்.

ஒட்டுறவு இருந்தால் கணக்கு எப்படி மாறும்? உச்ச விகித முறைக்கு ஒட்டுறவு அணியின் ஐகன் மதிப்புகளைக் கண்டு, அவற்றைத் தனித்தனிக் கிளைகளாக நினைத்துக்கொண்டால் போதும். சமமான இரண்டு கிளைக்கு அவை 1 + ஒட்டுறவு, 1 − ஒட்டுறவு. ஒட்டுறவு 0.7 என்றால் 100, 100 என்றிருந்த கிளைகள் 170, 30 ஆகின்றன. மேலே போட்ட அதே நான்கு புள்ளிக் கணக்கில் இந்த இரண்டையும் வைத்துப் பெருக்குங்கள். பத்து லட்சத்துக்கு 35.6 வரும். முன்பு 18.4. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, டெசிபலில் சொன்னால் ஒன்றரை. ஒட்டுறவே இல்லாத தேர்வு முறைக்கு 36.6 வந்தது நினைவிருக்கிறதா? ஆன்டெனாக்களை நெருக்கி வைத்துவிட்டால், உச்ச விகித முறைக்காகச் செய்த கூடுதல் செலவு முழுவதும் அதிலேயே போய்விடுகிறது. ஆனாலும் 0.7 ஒட்டுறவிலும் சாய்வு இரண்டாகவே இருப்பதால் டைவர்சிட்டி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. 0.9-ஐத் தொட்டால் இழப்பு 3.6 டெசிபலாகிறது.

இங்கே சொல்லும் ஒட்டுறவு கலப்பெண் கெழுக்களுக்கு இடையே உள்ளது. அளவுகருவியில் வீச்சை மட்டும் பதிவு செய்து கணக்கிட்ட ஒட்டுறவு ஏறக்குறைய இதன் வர்க்கம். 0.7 என்பது அங்கே 0.5 ஆகத் தெரியும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சமமில்லாத கிளைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயர் எஸ்என்ஆரில் சராசரிகளின் பெருக்கல்தான் கணக்கில் வரும். இரண்டில் ஒன்று 6 டெசிபல் பலவீனம் என்றால் மொத்த இழப்பு 3 டெசிபல்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது: சேனல் மதிப்பீட்டுப் பிழை. உச்ச விகித முறையின் எடைகள் சேனலைத் தெரிந்துகொண்டு போடப்படுபவை. ரிசீவருக்கு முன்பே தெரிந்த பைலட் குறிகளை வைத்துச் செய்த மதிப்பீடு பழசாகிப்போனாலோ இரைச்சல் கலந்திருந்தாலோ எடை தவறும். 1971-இல் கான்ஸ் இதை ஆராய்ந்தார். இரண்டு கிளைக்கு அவருடைய விடை எளிமையானது. உண்மைச் சேனலுக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள ஒட்டுறவின் வர்க்கம் 0.99 என்றால், அவுட்டேஜ் என்பது 0.99 பங்கு இரண்டு கிளை விடையும் 0.01 பங்கு ஒற்றைக் கிளை விடையும் சேர்ந்த கலவை. வி = 0.1 இருக்கும்போது 0.00468 என்பது 0.0056 ஆகிறது, பெரிதாக ஒன்றுமில்லை. வி = 0.001-க்குப் போங்கள். கோடியில் 5 இருக்க வேண்டியது கோடியில் 105 ஆகிறது, 21 மடங்கு. ஒரு சதவீதப் பிழை, சாய்வை இரண்டிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுவந்துவிட்டது. நல்ல எஸ்என்ஆரில் வரைபடம் திடீரென்று சோம்பேறித்தனமாகப் படுத்துக்கொண்டால் முதலில் சேனல் மதிப்பீட்டைச் சந்தேகியுங்கள். எஸ்என்ஆர் கூடும்போது பைலட்டின் தரமும் சேர்ந்து கூடினால் சாய்வு தப்பிக்கும். வேகமாக நகரும் கருவியில் மதிப்பீடு பழசாவதால் வரும் பிழைக்கு அந்த வழியும் கிடையாது.

வேறொருவரின் சிக்னல் குறுக்கே வந்தால் உச்ச விகித முறை இனி உச்சம் அல்ல. அந்தக் குறுக்கீட்டையும் கணக்கில் எடுத்து எடை போடும் உகந்த இணைப்பு முறை வேண்டும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

படி 6: கணினியில் சரிபார்ப்பது

சமன்பாடு சரியா என்று பார்க்க மான்டி கார்லோ உருவகப்படுத்தல், அதாவது தற்செயல் எண்களை வைத்துப் பலமுறை ஓட்டிச் சராசரி எடுப்பது, வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கலப்பெண் சேனல் கெழுவை உருவாக்குங்கள். மெய், கற்பனை இரண்டுக்கும் பரவற்படி தலா ½, அப்போதுதான் சராசரி ஆற்றல் 1 ஆகும். இந்த ½-ஐ மறந்தால் சேனல் ஆற்றல் இரண்டு மடங்காகி, வளைகோடு மொத்தமாக 3 டெசிபல் இடப்பக்கம் நகரும். ஒருமுறை என் நிரலில் வந்த முடிவு கோட்பாட்டைவிட நன்றாக இருந்தது. இரண்டு நாள் இணைப்பு முறைப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தவறு அங்கே இல்லை, முதல் வரியில் இந்த ½ இல்லாததுதான். அன்றிலிருந்து எந்த நிரலிலும் முதலில் ஒற்றைக் கிளையை 20 டெசிபலில் ஓட்டி 0.00248 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி எழுதுகிறேன். கோட்பாட்டை மிஞ்சும் முடிவு வந்தால் அது கண்டுபிடிப்பு அல்ல, பிழை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பிட் ஓட்ட வேண்டும்? ஒன்றையொன்று சாராத 100 பிழைகளை எண்ணினால் மதிப்பீட்டின் திட்டவிலக்கம் சுமார் 10 சதவீதம். லட்சத்தில் ஒன்று என்ற வீதத்துக்கு ஒரு கோடி பிட் வேண்டும். ஆனால் ஒரே சேனல் கெழுவை ஆயிரம் பிட்டுகளுக்கு நீட்டினால் அந்த 100 பிழையும் ஒரே பள்ளத்தில் வந்தவையாக இருக்கலாம். அப்போது நீங்கள் பார்த்தது நூறு நிகழ்வு அல்ல, ஒன்றே ஒன்று. எண்ண வேண்டியது பிட்டுகளை அல்ல, பள்ளங்களை.

இதைத் தவிர்க்க நல்ல வழி ஒன்று உண்டு. பிட்டுகளை அனுப்பவே வேண்டாம். சேனல் கெழுக்களை மட்டும் உருவாக்கி, இணைத்தபின் வரும் எஸ்என்ஆரைக் கண்டு, அந்த எஸ்என்ஆரில் பிழை நிகழ்தகவு எவ்வளவு என்று இரைச்சல் மட்டும் உள்ள சேனலின் சமன்பாட்டில் போட்டுச் சராசரி எடுங்கள். இரைச்சலின் தற்செயல் வெளியே போய்விடும், சேனலின் தற்செயல் மட்டும் மீதி இருக்கும். அப்புறம் ஒவ்வொரு சேனலும் மொத்தப் பிழையில் எவ்வளவு பங்கு தந்தது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திப் பாருங்கள். பட்டியலின் மேலே இருக்கும் சில கெழுக்களே பெரும்பங்கை எடுத்துக்கொண்டிருக்கும், எல்லாமே இரண்டு கிளையும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் விழுந்த தருணங்கள்.